லாட நண்டு பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

பர்மாவின் மோல்மீனில் கோயிலை ஒட்டி நடக்கும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், கரும்பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஓடு தொங்குகிறது. மெய்க்கில் கருவாட்டு வியாபாரம் பார்க்கும் என் மாமா கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கை அகலம், காய்ந்த பனையோலை நிறம், பின்னால் குச்சி மாதிரி ஒரு வால். லாட நண்டின் ஓடு.

வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வருகிற அம்மா அப்பாக்கள், பிரசாதம் கொடுக்க எட்டிப் பார்க்கும் பெரியவர்கள் என்று எல்லோரும் அதன் முன்னால் நின்று ஏதாவது கேட்பார்கள். பல வருஷமாக அதே கேள்விகள். சாயாமா என்று அவர்கள் கூப்பிடுவது என்னைத்தான், பர்மிய மொழியில் ஆசிரியை என்று பொருள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சாயாமா, இது நண்டா, ஆமையா?

இரண்டும் இல்லை. நண்டுக்கும் இறாலுக்கும் வாய்க்கு முன்னால் உணர்கொம்புகள் இருக்கும். இதற்கு ஒன்றுகூடக் கிடையாது. அந்த இடத்தில் ஒரு ஜோடி சின்ன இடுக்கிகள்தான் இருக்கின்றன. சிலந்தியின் விஷப்பல்லும் தேளின் வாயருகே உள்ள குட்டி இடுக்கியும் இதே உறுப்பின் வேறு வடிவங்கள். ஆகவே இது சிலந்தி, தேள் கூட்டத்துக்குச் சொந்தம். ரே லங்கெஸ்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1881லேயே இதை விளக்கி எழுதிவிட்டார். பெயரில் மட்டும் நண்டு ஒட்டிக்கொண்டது.

உடம்பு மூன்று பாகம். முன்னால் அகலமான ஓடு, அதன் பின்னால் சிறிய ஓடு, கடைசியில் வால்முள். முன் ஓட்டின் அடியில் ஐந்து ஜோடி நடைகால்கள். பின் ஓட்டின் அடியில் புத்தகத் தாள்களைப் போல அடுக்கிய செவுள்கள். வாலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது கொட்டாது. அலை புரட்டிப் போட்டால் மணலில் ஊன்றி நிமிர்வதற்குத்தான் அந்த வால்.

லாடம்னு ஏன் பேர்?

குதிரைவண்டிக்காரர் குதிரையின் குளம்பில் அடிக்கும் இரும்பு லாடத்தை நினைத்துக்கொண்டு முன் ஓட்டைப் பாருங்கள். அதே வளைவு. அவ்வளவுதான்.

டைனோசருக்கு முன்னாடியே இருந்துச்சாமே, நிஜமா?

நிஜம். ரொம்பவே முன்னாடி. டைனோசர்கள் வந்தது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். லாட நண்டு வகையின் நல்ல புதைபடிவம் ஒன்று, சுமார் 44.5 கோடி ஆண்டுகள் பழையது, கனடாவின் மனிடோபா மாநிலத்தில் கிடைத்தது. அதற்கு லூனாடாஸ்பிஸ் அரோரா என்று பெயர் வைத்து 2008இல் அறிவித்தார்கள். பிறைநிலா வடிவக் கவசம், விடியல் என்று அந்தப் பெயருக்குப் பொருள். சில சென்டிமீட்டர்தான் அளவு, ஆனால் பிறை வடிவ முன் ஓடும் வால்முள்ளும் அப்போதே இருந்திருக்கின்றன.

அது கிடைப்பதற்கு முன்பு, நம்பகமான லாட நண்டுப் படிவங்கள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் பிந்தியவை. ஒரே ஒரு கண்டுபிடிப்பு, மொத்த வம்சக் கதையையும் அவ்வளவு தூரம் பின்னால் தள்ளிவிட்டது. அந்தக் காலத்தில் நிலத்தில் மரமும் இல்லை, முதுகெலும்புள்ள ஒரு பிராணியும் இல்லை.

44 கோடி, 23 கோடின்னு சும்மா வாயில வர்றதைச் சொல்றாங்களா? எப்படித் தெரியும்?

இதைக் கேட்டவர் பிள்ளை இல்லை, ஒரு நகைக்கடைக்காரர். அதனால் அவருக்குத் தெரிந்த கல்லை வைத்தே சொன்னேன். மோகோக்கில் மாணிக்கத்தோடு சிர்கான் கல்லும் கிடைக்குமே, அதே சிர்கான் மண் துகள் அளவில் எரிமலைச் சாம்பலிலும் இருக்கும். அது உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும், ஈயத்தைப் பெரும்பாலும் சேர்க்காது. அப்புறம் உள்ளே இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். யுரேனியம் 238இல் பாதி ஈயமாக மாறச் சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். ஈயம் எவ்வளவு, யுரேனியம் எவ்வளவு என்று அளந்தால் துகளின் வயது வந்துவிடும்.

புதைபடிவம் இருக்கும் அடுக்குக்கு மேலேயும் கீழேயும் சாம்பல் அடுக்குகள் இருந்தால், அந்த இரண்டு வயதுக்கு நடுவில்தான் அந்தப் பிராணி வாழ்ந்தது. சாம்பல் இல்லாத இடங்களில், வயது தெரிந்த வேறு படிவங்களோடு அடுக்கை ஒப்பிடுவார்கள்.

ஓடு மட்டும்தானே கல்லாகும்? கால், செவுள் எல்லாம் எப்படித் தெரியும்?

உண்மையில் இதன் ஓடுகூட லேசில் கல்லாகாது. சிப்பியின் ஓட்டில் சுண்ணாம்பு இருக்கிறது. நண்டு ஓட்டிலும் இருக்கிறது. லாட நண்டின் ஓட்டில் அது இல்லை, கரப்பான்பூச்சியின் மேல்தோல் மாதிரியான பொருள்தான். கிருமிகள் தின்றுவிடும். அதனால்தான் கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தும் இதன் படிவங்கள் அபூர்வம். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலோ, சீக்கிரம் இறுகும் மண்ணிலோ விழுந்தவை மட்டும் தப்பின.

அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென். 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே உப்பு மிகுந்த, அடியில் ஆக்சிஜன் இல்லாத காயல்கள் இருந்தன. அங்கே கிடைத்த ஒரு படிவத்தைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கற்பலகையில் 9.7 மீட்டர் நீளத்துக்குக் கால்தடங்கள். ஆரம்பத்தில் பிராணி விழுந்து, புரண்டு நிமிர்ந்த குழப்பமான தடம். பிறகு நேராக நடக்கிறது. பிறகு தடம் தடுமாறுகிறது, வால் இழுபட்ட கோடு வளைகிறது. கடைசியில் அந்த நண்டே இருக்கிறது, சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். மீசோலிமுலஸ் என்ற வகை. நல்ல தண்ணீரிலிருந்து எப்படியோ இந்த விஷக் காயலுக்குள் வந்து விழுந்து, மூச்சுத்திணறி நடந்து நடந்து இறந்திருக்கிறது. ஒரு பிராணியின் கடைசி நேரம் முழுசாகக் கல்லில் பதிந்திருக்கிறது. இதை 2012இல் விவரித்து வெளியிட்டார்கள்.

மூளைகூடக் கிடைச்சதுன்னு சொன்னீங்களே, அது எப்படி?

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் மேசன் கிரீக் என்ற இடம். 31 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது நிலக்கரிச் சதுப்புக்காடு. அங்கே இறந்த பிராணிகளைச் சுற்றி இரும்புத்தாது சேர்ந்து, உருண்டைக் கல்லாக இறுகியது. உருண்டையைப் பிளந்தால் உள்ளே பிராணியின் அச்சு இருக்கும்.

யூப்ரூப்ஸ் என்ற சின்ன லாட நண்டு ஒன்றில் மூளை அழுகிப் போவதற்குள் சுற்றிலும் கல் இறுகிவிட்டது. மூளை இருந்த வெற்றிடத்தில் பின்னால் வெள்ளைக் களிமண் நிரம்பியது. சாமி சிலை வார்க்கும்போது மெழுகு உருகிப்போன இடத்தில் உலோகம் நிரம்புமே, அதேதான். கரும் கல்லில் வெள்ளையாக மூளையின் வடிவம். ரஸ்ஸல் பிக்னெலும் உடன் உழைத்தவர்களும் 2021இல் இதை வெளியிட்டார்கள். இன்றைய அமெரிக்க லாட நண்டின் மூளையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமைப்பு அப்படியே ஒத்துப்போகிறது.

அப்போ 44 கோடி வருஷமா மாறவே இல்லை, அப்படித்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். 'உயிருள்ள புதைபடிவம்' என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, இந்தப் பிராணி காலத்தில் உறைந்துபோனது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். இன்று மிச்சம் இருப்பவற்றை மட்டும் பார்ப்பதால் வரும் மயக்கம் அது.

செத்துப்போன கிளைகளைப் பாருங்கள். மேலே சொன்ன யூப்ரூப்ஸ் நன்னீர்ச் சதுப்பில் வாழ்ந்தது. ஓடு முழுக்க முள். அந்த முட்கள் அக்காலத்து மரங்களின் ஊசி இலை போல இருந்ததால், உதிர்ந்த இலைகளுக்கு நடுவில் அது மறைந்துகொண்டது என்று ஒரு கருத்துகூட உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பக்கம் கிடைத்த ஆஸ்ட்ரோலிமுலஸ் இன்னொரு மாதிரி. முன் ஓட்டின் இரண்டு முனைகளும் பக்கவாட்டில் நீண்டு, பூமராங்குக்கு வால் வைத்த மாதிரி இருக்கும். அமெரிக்காவின் ஐடஹோவில் கிடைத்த ஒரு வகையின் முன் ஓடு, டார்த் வேடர் என்ற சினிமா வில்லனின் தலைக்கவசம் மாதிரி இருந்ததால் 2017இல் அதற்கு வேடர்லிமுலஸ் என்றே பெயர் வைத்தார்கள். மிகப் பழைய உறவினர் சிலவற்றில் பின் ஓடு ஒரே தகடாக இல்லாமல் தனித்தனி வளையங்களாக இருந்தது.

கடலிலிருந்து நன்னீருக்கு இந்த வம்சம் ஒரு முறை இல்லை, பல முறை போயிருக்கிறது. போன கிளை ஒவ்வொன்றும் விதவிதமாக உருமாறி, பிறகு அற்றுப்போனது. ஆழமில்லாத கடலோரத்தில் தங்கிய கிளைக்குப் பழைய உருவமே போதுமானதாக இருந்தது. இன்று நாம் பார்ப்பது அந்தக் கிளையைத்தான். உருவம் மாறாததும்கூட வெளியே மட்டும்தான். இன்றைய லாட நண்டுகளின் மரபணுத் தொகுதியைப் படித்தால், அது முழுசாக இரட்டிப்பானது ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. உள்ளே அவ்வளவு பெரிய புரட்சி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இன்று உயிரோடு இருக்கும் நான்கு இனங்களில் எதுவும் 44 கோடி ஆண்டுகள் பழையது இல்லை. அவ்வளவு பழையது வம்சம். தாத்தா சாடை பேரனுக்கு இருக்கிறது என்பதால் பேரனுக்குத் தாத்தா வயது ஆகிவிடாது இல்லையா?

துர்க்கை அம்மன் பேர் வெச்ச ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது. டிபாஸ்டீரியம் துர்கே. இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் கிடைத்தது, சுமார் 42.5 கோடி ஆண்டுகள் பழையது, 2012இல் பெயர் சூட்டினார்கள். லாட நண்டின் தூரத்து உறவு. இதன் கால்கள் இரட்டை இரட்டையாகக் கிளைத்திருந்ததால், பல கைகள் கொண்ட துர்க்கையின் பெயரை வைத்தார்கள். நவராத்திரி சமயத்தில் இதைச் சொன்னால் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கவனம் சிதறாது.

படிவத்தைப் பார்த்த விதமும் வித்தியாசமானது. கல் உருண்டையை மயிரிழையைவிட மெல்லிய அளவுக்கு அரைத்து, படம் எடுத்து, மறுபடி அரைத்து, மறுபடி படம் எடுத்து, கடைசியில் எல்லாப் படங்களையும் கணினியில் அடுக்கி உருவத்தைத் திரும்பக் கட்டினார்கள். அசல் படிவம் தூளாகிப் போனது, படங்கள்தான் மிச்சம். இதில் தெரிந்த முக்கியமான விஷயம், லாட நண்டின் முன்னோர்களுக்குக் காலில் வெளிக்கிளை ஒன்று இருந்தது. இன்றைய லாட நண்டில் கடைசி ஜோடிக் காலில் மட்டும் அதன் எச்சமாக ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. முந்தின கேள்விக்கு இதுவும் பதில்தான்.

படத்துல பார்த்த ட்ரைலோபைட் இதோட தாத்தாவா?

இல்லை. ட்ரைலோபைட் கடலில் வாழ்ந்து எப்போதோ அற்றுப்போன ஓட்டுப் பிராணி, இதற்குத் தூரத்துச் சொந்தம் மட்டும். முட்டையிலிருந்து வந்த லாட நண்டுக் குஞ்சு பார்க்க ட்ரைலோபைட் மாதிரி இருக்கும், அதன் பெயரே ட்ரைலோபைட் குஞ்சு என்றுதான் வழங்குகிறது. அதனால் வந்த குழப்பம் இது. ட்ரைலோபைட்டுக்கு உணர்கொம்பு உண்டு, வாயருகே இடுக்கி கிடையாது. முதல் கேள்வியின் பதிலைத் திரும்பப் பாருங்கள்.

பெரிய பெரிய அழிவெல்லாம் வந்துச்சே, இது மட்டும் எப்படித் தப்பிச்சுது?

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வந்த அழிவுதான் எல்லாவற்றிலும் கொடூரம். சைபீரியாவில் எரிமலைகள் பொங்கி, கடல் சூடேறி, ஆக்சிஜன் குறைந்து, கடல் இனங்களில் மிகப் பெரும்பான்மை அழிந்தது. ட்ரைலோபைட் கதை அதோடு முடிந்தது. லாட நண்டு வம்சத்தில் ஒரு பகுதி தப்பியது. புழு, சிப்பி, செத்தது, அழுகியது என்று கிடைப்பதைத் தின்னும். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் கொஞ்ச காலம் சமாளிக்கும். இந்தக் குணங்கள் கைகொடுத்திருக்க வேண்டும் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் 'இது மட்டும் தப்பியது' என்பது சரியில்லை. மேலே எழுதிய கிளைகள் எத்தனை போயின என்று எண்ணிப் பாருங்கள்.

அழிவுக்குப் பிறகு சுமார் 80 லட்சம் ஆண்டுகள் கழித்துக் கடல் எப்படி மீண்டிருந்தது என்று காட்டும் இடம் நமக்குப் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. மூசே எல்லை வழியாக ஆப்பிள் வருகிறதே, சீனாவின் அந்த யுன்னான் மாநிலத்தில் உள்ள லூபிங். மீன், கடல் ஊர்வன, இறால் எல்லாவற்றோடும் அங்கே யுன்னானோலிமுலஸ் என்ற லாட நண்டும் கிடைத்திருக்கிறது. கால்களும் செவுள்களும்கூடப் பதிவாகியிருக்கின்றன.

நம்ம பர்மா அம்பர்ல இது இருக்குமா சாயாமா?

கச்சின் மாநிலம் ஹுகாங் பள்ளத்தாக்கு அம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டுகள் பழைய மரப்பிசின். பிசினில் மாட்டுவது பெரும்பாலும் மரத்தில் ஊர்வதும் பறப்பதும்தான். சேற்றில் வாழும், கையகலப் பிராணியை அதில் தேடுவது வீண். கடல் பிராணி ஓடே கிடையாது என்றும் சொல்ல முடியாது, அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு ஒன்று இதே அம்பரில் இருந்ததை 2019இல் அறிவித்தார்கள். கரையோரக் காடு, காலியான ஓடு, ஒழுகும் பிசின் மூன்றும் சேர்ந்த அபூர்வம் அது.

ஆனால் லாட நண்டின் சொந்தக்காரர் ஒருவர் இந்த அம்பரில் இருக்கிறார். கிமேராரக்னே என்று 2018இல் பெயர் வைத்த சிலந்தி மாதிரிப் பிராணி. உடம்பு 2.5 மில்லிமீட்டர், வால் 3 மில்லிமீட்டர். ஆமாம், வால். நூல் நூற்கும் உறுப்பும் இருக்கிறது, வாலும் இருக்கிறது. இன்றைய சிலந்திகளுக்கு வால் கிடையாது.

மெய்க் பக்கம் இதன் முட்டையைச் சாப்பிடலாமா?

புதைபடிவத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் உயிர் விஷயம் என்பதால் எழுதுகிறேன். நம் கரையில் இரண்டு இனங்கள். சதுப்புக்காட்டுச் சேற்றில் இருக்கும் சிறியது கார்சினோஸ்கார்பியஸ். மணல் கரைக்கு வந்து முட்டையிடும் பெரியது டாக்கிப்ளியஸ் கிகாஸ். சிறியதன் முட்டையில் பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம் இருக்கலாம், வேகவைத்தாலும் போகாது. இதைத் தெரியாமல் தின்று தாய்லாந்தில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

வித்தியாசம் காண வாலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல்களுக்கு நடுவில் உருட்டினால் பென்சில் மாதிரி உருண்டு வழுக்கினால் சிறிய இனம். மூன்று பட்டையாக உறுத்தினால் பெரிய இனம். ஆனால் குழம்பில் போட்ட பிறகு முட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் என் பதில், சாப்பிடாதீர்கள்.

அமெரிக்காவுல ஒரு இனம், ஆசியாவுல மூணு. இவ்வளவு தூரம் எப்படிப் பிரிஞ்சுது?

நண்டு நீந்திப் போகவில்லை, கடல்தான் இடம் மாறியது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் தெற்குக் கண்டங்களிலிருந்து பிரித்தபடி முன்பு டெதிஸ் என்ற கடல் இருந்தது. அட்லாண்டிக் திறந்து அகன்றபோது வம்சம் இரண்டாகப் பிரிந்தது. சாட்சி லெபனானில் இருக்கிறது. அங்கே சுமார் 9.5 கோடி ஆண்டுகள் பழைய சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த ஒரு லாட நண்டை, இன்றைய ஆசிய இனங்களில் இரண்டின் பேரினமான டாக்கிப்ளியஸிலேயே சேர்த்திருக்கிறார்கள். இன்று மத்தியதரைக் கடலில் ஒன்றுகூட இல்லை. டெதிஸ் மூடிக்கொண்டபோது அந்தக் கிளையும் போய்விட்டது.

சிலந்திக்கு அண்ணனா, இல்லை சிலந்தியில ஒரு வகையா? ரெண்டு விதமா படிச்சேன்.

இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன, அதனால் குழப்பம் உங்களுடையது இல்லை. வழக்கமான கருத்துப்படி, சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் சேர்ந்த நிலக் கூட்டம் ஒரு பக்கம், லாட நண்டு அதற்கு வெளியே. 2019இல் பாலெஸ்டெரோஸ், ஷர்மா இருவரும் மரபணுத் தரவுகளை வைத்து, லாட நண்டு அந்தக் கூட்டத்துக்கு உள்ளேயே வருகிறது என்று வாதிட்டார்கள். அது சரியென்றால், சிலந்திக் கூட்டத்தின் முன்னோர் ஒரே தடவையில் கரையேறினார்கள் என்ற கதையை மாற்ற வேண்டியிருக்கும். விவாதம் முடியவில்லை. எனக்குப் பழைய கருத்துதான் பலமாகப் படுகிறது, ஏனென்றால் மிகப் பழைய படிவங்களின் உடலமைப்பு அதோடு நன்றாகப் பொருந்துகிறது.

அந்தக் காலத்துலயும் ரத்தம் நீலமா?

கல்லில் ரத்தம் தங்காது. ஆனால் யோசித்துச் சொல்லலாம். நீலத்துக்குக் காரணம் ஹீமோசயனின் என்ற செம்புப் புரதம். அதே வகைப் புரதம் தேளிலும் பல சிலந்திகளிலும் இருக்கிறது. ஆகவே இவை பிரிவதற்கு முன்பே, பொது முன்னோரிடமே அது இருந்திருக்க வேண்டும். லூனாடாஸ்பிஸின் ரத்தமும் நீலமாகத்தான் இருந்திருக்கும்.

கடைசியா ஒண்ணு. சுவத்துல இருக்கறது செத்ததா? பாவமா இருக்கு.

ஏழு வயதுப் பெண் கேட்டது. அவளைத் தூக்கிக் காட்டினேன். முன் ஓட்டின் முன்விளிம்பில், லாடத்தின் வளைவோடு ஒரு நீண்ட பிளவு இருக்கிறது. லாட நண்டு பெரிதாவதற்குள் பதினைந்து முறைக்கு மேல் சட்டை உரிக்கும். ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு பிளக்க, உள்ளே இருக்கும் புது உடம்பு முன்பக்கமாக நடந்து வெளியே போய்விடும். புதைபடிவத்திலும் இந்தப் பிளவைத்தான் முதலில் தேடுவார்கள். பிளவு இருந்தால் அது உரித்த சட்டை, செத்த உடம்பு இல்லை.

அவள் சுண்டுவிரலைப் பிளவுக்குள் விட்டுப் பார்த்தாள். உள்ளே காலி. "அப்போ அது போயிடுச்சு," என்றாள்.